ஏற்றிவிட்டவர்களே இறக்கிவிடவும் வேண்டும்!

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது எம் முன்னோர் வாக்கு. ஆனால், இன்றைய மருந்து மூன்றாம் நாள் விடைபெற்றுச் செல்லும் விருந்தாளியன்று. மூன்று மாதம், மூன்று வருடம், முப்பது வருடம் என்று வீட்டிலேயே குடியேறிவிடுகின்றது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அவ்வாறு குடியேறுவது அவசியமாகலாம்; அதைக் குறித்து எமக்கு வழக்கேதுமில்லை. நாம் இன்று எழுப்ப விரும்புவது, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நித்திரையின்மைக்கும் வேறு மனநோய்களுக்கும் கொடுக்கப்படும் குளிசைகளைப் பற்றிய ஒரேயொரு கேள்வியாகும். அவற்றைத் தொடங்குவது எப்படி என்று எழுதிக் கொடுத்த வைத்திய உலகம், அவற்றை நிறுத்துவது எப்படி என்று இத்தனை காலமும் ஏன் சொல்லிக் கொடுக்கவில்லை?

மேலே செல்லுமுன் ஓர் எச்சரிக்கை. இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரேனும் தம் குளிசைகளை இன்றிரவே குப்பையில் வீசுவாராயின், நாம் சொல்ல வந்ததற்கு நேர்மாறானதையே அவர் செய்தவராவார். இம்மருந்துகள் பல்லாயிரம் உயிர்களைக் காத்தவை. அவற்றைத் திடீரென நிறுத்துவதே ஆபத்து. வேலியம் போன்ற பென்சோடயசிப்பீன் மருந்துகளை நீண்டகாலம் உட்கொண்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு ஏற்படலாம். உயிருக்கே உலை வைக்கலாம். லித்தியத்தைச் சட்டென நிறுத்தினால் அடங்கியிருந்த பித்துநிலை முன்னிலும் விரைவாகத் திரும்பக்கூடும். குளோசபினைத் திடீரென விட்டவர் சில நாட்களிலேயே கடும் மனக்குழப்பத்துக்கு ஆளாகக்கூடும். ஆகவே, நாம் மருந்துக்கு எதிரிகளல்லர். மருந்தைப் பற்றிய மௌனத்துக்கே எதிரிகள்.

நோயா, மருந்தின் விலகலா?

மனச்சோர்வு மருந்தை நிறுத்தியவருக்கு நேர்வது என்ன? சிலருக்கு ஒன்றுமே இல்லை. சிலருக்குச் சில நாள் தலைசுற்றலும் குமட்டலும் வந்து போகின்றன. வேறு சிலருக்கோ தலைக்குள்ளே மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு, நித்திரையின்மை, பயங்கரக் கனவு, காரணமற்ற அழுகை, அடக்கமுடியாத பதற்றம், இருப்புக்கொள்ளாமை ஆகியன வாரக்கணக்கில் நீடிக்கின்றன; இன்னுஞ் சிலருக்கு மாதக்கணக்கிலும் நீடிக்கின்றன. இவற்றையே விலகல் அறிகுறிகள் என்கின்றனர்.

இங்கேதான் பெருங்குழப்பம் பிறக்கின்றது. பதற்றமும் அழுகையும் நித்திரையின்மையும் பழைய நோயின் அடையாளங்களும் ஆகும். மருந்தை நிறுத்தியவர் இவற்றோடு வைத்தியரிடம் திரும்பி வந்தால், "பார்த்தீர்களா, நோய் திரும்பிவிட்டது, உங்களுக்கு இம்மருந்து ஆயுள் முழுவதும் வேண்டும்" என்ற தீர்ப்பே பெரும்பாலும் கிடைத்து வந்தது. நோயாளியும் அதை நம்பினார். தம் உடம்பில் இயல்பாகவே ஏதோ ஊனம் உண்டென்று எண்ணி, மீண்டும் மருந்தைத் தொடங்கினார். தொடங்கியதும் சுகம் வந்தது. அதுவே நோய் இருந்தமைக்குச் சான்றாகவும் கொள்ளப்பட்டது.

இரண்டையும் பிரித்தறிய வழியில்லாமலில்லை. விலகல் அறிகுறிகள் பொதுவாக மருந்தைக் குறைத்த அல்லது நிறுத்திய சில நாட்களுக்குள்ளேயே தலைகாட்டுகின்றன. நோய் திரும்புவதாயின் வழக்கமாக வாரங்களோ மாதங்களோ செல்லும். தலைக்குள் மின்னதிர்வும் தலைசுற்றலும் பழைய நோயில் இல்லாத புதுமைகள். மருந்தை மீண்டும் கொடுத்தால் விலகல் அறிகுறிகள் ஓரிரு நாளிலேயே அடங்கிவிடுவதுண்டு. உண்மையான மனச்சோர்வு அத்தனை விரைவில் அடங்குவதில்லை. இவ்வளவும் கேட்டறிய வேண்டியவை. கேட்க நேரமும் மனமும் வேண்டும், அவ்வளவே.

அறியாமையா, அலட்சியமா?

"இவையெல்லாம் அண்மையில் கண்டுபிடிக்கப்பட்டவை, முன்பு எவருக்கும் தெரியாது" என்று சொல்வார் உளராயின், அவர்கள் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்கட்டும்.

பென்சோடயசிப்பீன் மருந்துகளுள் முதலாவதான லிப்ரியம் 1960ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டே, 1961இல், ஹொலிஸ்ரர் என்னும் அமெரிக்க வைத்தியரும் அவரது குழுவினரும் அம்மருந்தைப் பெருமளவில் மாதக்கணக்காக உட்கொண்ட 11 நோயாளருக்கு அதைத் திடீரென நிறுத்தி, பதிலுக்கு வெறுங்குளிசை கொடுத்துப் பார்த்தனர். 10 பேருக்குப் புதிய அறிகுறிகள் தோன்றின. இருவருக்கு வலிப்பே வந்தது. இச்செய்தி ஆய்வேடுகளில் அச்சேறிய பின்னரே, 1963இல், வேலியம் வந்தது. உலகெங்கும் மிட்டாய்போல் பரவியது. பிரித்தானியாவின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இவற்றைக் குறுகிய காலத்துக்கு, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மட்டுமே கொடுக்கவேண்டும் என்று கட்டளையிட்டது எப்போது? 1988இல்! அமெரிக்க அரசின் மருந்து நிருவாகம், பழக்கப்பிடிப்பும் விலகல் ஆபத்தும் பற்றிய எச்சரிக்கையைப் பெட்டிக்கட்டி அச்சிடச் செய்தது எப்போது? 2020இல்!

இடைப்பட்ட காலத்தில் உண்மையைக் கண்டவர்கள் இல்லாமற் போகவில்லை. நியூகாசில் நகரில் பேராசிரியை ஹெதர் ஆஷ்ரன் 1982 முதல் 1994 வரை ஒரு கிளினிக் நடத்தினார். வேலியத்திலும் அதன் தங்கைமாரிலும் சிக்கியவர்களை மெல்ல மெல்ல இறக்கிவிடுவதே அக்கிளினிக்கின் வேலை. எந்த வேகத்தில் இறங்குவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை அவர் நோயாளியின் கையிலேயே கொடுத்தார். அவர் 1999இல் வெளியிட்ட கைந்நூல் இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகின்றது. ஒருவர் செய்து காட்டியதை ஓர் அரசாங்கத்தால் ஏன் செய்ய முடியவில்லை என்பதே எமது கேள்வி.

மனச்சோர்வு மருந்துகளின் கதையும் இதற்கு இளைத்ததன்று. அவ்வகையில் முதலாவதான இமிப்பிரமின் 1957இல் அறிமுகமாயிற்று. அதை நிறுத்தினால் விலகல் அறிகுறிகள் தோன்றும் என்பது 1959இலேயே வைத்திய ஏடுகளில் பதிவாயிற்று. ஆயினும் 1990களில், "மனச்சோர்வை முறியடிப்போம்" என்ற இயக்கத்தைப் பிரித்தானிய மனநல வைத்தியக் கல்லூரியும் பொது வைத்தியர் கல்லூரியும் நடத்தியபோது நடந்தது என்ன? பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். இம்மருந்துகள் பழக்கப்பிடிப்பை உண்டாக்குபவை என்று 100க்கு 78 பேர் கூறினார்கள். கற்றோர் அதனை மக்களின் மடமை என்று கணித்து, அம்மடமையைப் போக்கும் பணியிலே இறங்கினார்கள்!

மக்கள் பயன்படுத்திய சொல் சாத்திரப்படி சரியன்று என்பது உண்மை. கள்ளுக்கும் அபினுக்கும் அடிமையானவன்போல் எவரும் மனச்சோர்வு மருந்தை நாடி அலைவதில்லை. அளவைக் கூட்டிக்கொண்டே போவதுமில்லை. ஆனால் உடல் ஒரு மருந்துக்குப் பழகிவிடுவது வேறு. உள்ளம் அதற்கு வெறிகொள்வது வேறு. முன்னது நேர்ந்தாலே, நிறுத்தும்போது துன்பம் வரும். பாமர மக்கள் கண்டது அத்துன்பத்தை. பண்டிதர்கள் மறுத்தது அச்சொல்லை. சொல்லை மறுத்து வென்றவர்கள், துன்பத்தையும் மறுத்துவிட்டதாக எண்ணிக்கொண்டார்கள்.

பெயர் மாற்றும் வித்தை

அரசியலில் பெயர் மாற்றும் வித்தையை எம் வாசகர்கள் நன்கறிவார்கள். வரியை உயர்த்திவிட்டு அதற்குச் சீர்திருத்தம் என்று பெயர் சூட்டுவார்கள். மருந்துலகமும் இவ்வித்தையில் பின்தங்கியதன்று. 1996ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், எலி லில்லி என்னும் மருந்து நிறுவனத்தின் செலவிலே நிபுணர்கள் கூடினார்கள். புதிய மனச்சோர்வு மருந்துகளை நிறுத்தும்போது தோன்றும் துன்பங்கள் அங்கே ஆராயப்பட்டன. அதன் பின்னர், "விலகல்" என்ற சொல் ஒதுங்க, "இடைநிறுத்த அறிகுறித் தொகுதி" என்ற சொல் ஏடுகளை நிரப்பியது. விலகல் என்றால் அபின் நினைவுக்கு வரும்; இடைநிறுத்தம் என்றால் பஸ் சேவை நினைவுக்கு வரும்! பட்டவனின் தலைசுற்றலோ இரண்டு பெயரிலும் ஒன்றேதான்.

அந்நிறுவனத்தின் மருந்தாகிய புளுஒக்செற்றின் உடலிலிருந்து மிக மெதுவாகவே வெளியேறுவது. ஆதலால் விலகல் துன்பம் அதில் குறைவு. 1998இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்தைச் சில நாள் மறைமுகமாக நிறுத்திப் பார்த்தபோது, புளுஒக்செற்றின் உட்கொண்டோரில் 100க்கு 14 பேரும், செற்றலீன் உட்கொண்டோரில் 60 பேரும், பரொக்செற்றின் உட்கொண்டோரில் 66 பேரும் பாதிக்கப்பட்டனர். ஆக, உண்மை வெளிவந்ததற்கும் ஓரளவு வியாபாரப் போட்டியே காரணம். நோயாளியின் கண்ணீரால் அசையாத கதவு, போட்டி நிறுவனத்தின் இலாபத்தால் அசைந்தது.

பரொக்செற்றின் பிரித்தானியாவிலே செரொக்சாற் என்ற பெயரில் விற்கப்பட்டது. அதனோடு வந்த விளக்கத்தாள், இதற்கு எவரும் அடிமையாக முடியாது என்று உறுதி கூறியது. 2002ஆம் ஆண்டு ஒக்ரோபரில் பி.பி.சி. தொலைக்காட்சி அம்மருந்தைப் பற்றிய நிகழ்ச்சியொன்றை ஒளிபரப்பியதும், "எமக்கும் இதுவே நேர்ந்தது" என்று ஆயிரக்கணக்கானோர் குரல் எழுப்பினார்கள். அடுத்த ஆண்டே அவ்வுறுதிமொழி விளக்கத்தாளிலிருந்து மறைந்தது. 1000க்கு இருவருக்கே நேர்வதாக முன்பு மதிப்பிடப்பட்ட விலகல் துன்பம், 100க்கு 25 பேர்வரை நேரக்கூடியதாக மாறியது. ஒரே வருடத்தில் மனித உடல் மாறிவிட்டதா? இல்லை. மாறியது கணக்கு, கணக்கை மாற்றியது மக்களின் குரல்.

அதன் பின்னராவது பாடம் கற்றார்களா? 2018 பெப்ரவரியில், அதே மனநல வைத்தியக் கல்லூரியின் தலைவர் இலண்டன் ரைம்ஸ் பத்திரிகைக்குத் தம் சகாவுடன் எழுதிய கடிதத்தில், மிகப் பெரும்பாலானோருக்கு இத்துன்பம் இரண்டு வாரத்துள் தீர்ந்துவிடும் என்று கூறினார். நோயாளிகளும் கல்வியாளர்களும் ஆதாரம் எங்கே என்று கேட்டு முறைப்பாடு செய்தனர். முறைப்பாடு நிராகரிக்கப்பட்டது. ஆனால், 2019 மே மாதத்தில் அக்கல்லூரியே தன் நிலைப்பாட்டை மாற்றி, சிலருக்கு இத்துன்பம் கடுமையாகவும் நீண்டகாலமும் இருக்கலாம் என்று அறிக்கை வெளியிட்டது. பிழையை ஒப்புக்கொள்வது பெருமையே. ஆயினும், 1959இல் அச்சேறிய உண்மை 2019இல் ஒப்புக்கொள்ளப்பட்டது என்றால், இடையிற் சென்ற 60 ஆண்டுகளில் "உமக்கு நோய் திரும்பிவிட்டது" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு யார் பதில் சொல்வது?

நடுமரத்திலிருந்து குதிப்பதா?

இனி, இறங்கும் வழியைப் பார்ப்போம். நீண்ட காலமாக வைத்தியர்கள் சொல்லிவந்த முறை இலகுவானது: குளிசையைப் பாதியாக்கு, சில வாரம் செல்லட்டும், பின்பு நிறுத்து. அல்லது, ஒருநாள் விட்டு ஒருநாள் குடி. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும் இம்முறைகளில் உள்ள தவறு என்ன?

சிற்றலோபிராம் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் உட்கொண்டால், மூளையிலே அம்மருந்து பற்றிக்கொள்ளும் இடங்களில் 100க்கு ஏறத்தாழ 80 நிரம்பிவிடுகின்றன. அளவை ஏறத்தாழ 9 மில்லிகிராமாகக் குறைத்தாலும் 70 நிரம்பியே இருக்கும். ஐந்தரை மில்லிகிராமாகக் குறைத்தாலும் 60. அதாவது, மருந்தில் முக்காற்பங்கை வெட்டிய பின்னரும் அதன் வேலையில் காற்பங்கே குறைந்திருக்கின்றது. இனி, எஞ்சிய அந்த ஐந்தரை மில்லிகிராமை ஒரேயடியாக நிறுத்தினாலோ 60இலிருந்து சூனியத்துக்கு வீழ்ச்சி! பனையின் உச்சியில் அங்குலம் அங்குலமாக இறங்கியவனை நடுமரத்துக்கு வந்ததும் "இனிக் குதி" என்று சொல்வதற்கு இது ஒப்பானது. அவன் கால் முறிந்தால், இறங்கத் தெரியாதவன் என்று அவனையே ஏசுகின்றோம்.

2019இல் இக்கணக்கை மார்க் ஹொறோவிற்ஸ், டேவிட் ரெயிலர் என்னும் இரு வைத்திய அறிஞர்கள் விளக்கமாக எழுதினார்கள். சமமான படிகளில் இறங்க வேண்டுமாயின், அளவு 3.4, 2.3, 1.5, 0.8, 0.4 மில்லிகிராம் என்று வரவரச் சிறுத்துக்கொண்டே போதல் வேண்டும் என்பது அவர்கள் காட்டிய வழி. ஹொறோவிற்ஸ் தாமே இவ்வகை மருந்தைப் பல்லாண்டு உட்கொண்டவர். நிறுத்த முயன்று பெருந்துன்பப்பட்டதைப் பகிரங்கமாகக் கூறியவர். இம்மருந்துகளை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவருக்கே, இறங்கும் வழியைக் கற்பித்தவை பாடநூல்களல்ல. பாதிக்கப்பட்ட சாதாரண நோயாளர்கள் தமக்குள் பகிர்ந்துகொண்ட அனுபவங்களே. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்ற பழமொழி பொய்யாகவில்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் குடிக்கும் முறையும் பொருந்தாது. பரொக்செற்றின் இரத்தத்திலே ஒரு நாளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைவது. ஒருநாள் தவறவிட்டால் அது காற்பங்காகும். மறுநாள் மீண்டும் ஏறும். இது இறக்கமன்று, ஊஞ்சல்.

ஆனால், கடையில் விற்கும் மிகச் சிறிய குளிசையே 10 மில்லிகிராமாக இருக்கும்போது 0.8 மில்லிகிராமுக்கு எங்கே போவது? நெதர்லாந்தில் இதற்கு வழி கண்டார்கள். நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அளவு குறையும் குளிசைகளை வரிசையாக அடைத்த பொதிகள் அங்கே 2013 முதல் கிடைக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தி மருந்தை நிறுத்த விரும்பிய 895 பேரைப் பற்றி 2018இல் வெளியான கணக்கின்படி, 100க்கு 71 பேர் நிறுத்தினார்கள். திரவ மருந்தும் சில வகைகளுக்கு உண்டு. ஏறும் படியை ஆயிரங்கோடி செலவில் அமைத்த கம்பனிகளுக்கு, இறங்கும் படியைச் செய்வது முடியாத காரியமன்று. அதில் இலாபம் இல்லை, அதுதான் காரணம்.

மறுபக்கமும் கேட்போம்

நியாயம் பேசுவோர் எதிர்த்தரப்பையும் கேட்டல் வேண்டும். துன்பப்படுவோர் எத்தனை பேர் என்பதில் இன்னும் கருத்து வேற்றுமை உண்டு. ஒரு கணக்கெடுப்பு 100க்கு 56 என்றது. 2024இல் 79 ஆய்வுகளைத் தொகுத்த ஜெர்மானிய அறிஞர்கள், மருந்தை நிறுத்தியோரில் 100க்கு 31 பேருக்கும், வெறுங்குளிசையை நிறுத்தியோரிலும் 17 பேருக்கும் அறிகுறிகள் தோன்றியதாகக் கண்டனர். கடுந்துன்பம் நேர்ந்தது ஏறத்தாழ 35 பேரில் ஒருவருக்கு. அவ்வாய்வுகள் பலவற்றிலும் மருந்து சில மாதங்களே கொடுக்கப்பட்டது என்பதையும், பல்லாண்டு உட்கொண்டோரின் நிலையை அவை காட்டமாட்டா என்பதையும் மறுப்போர் சுட்டிக்காட்டினர். இரு பக்கத்திலும் பொருளுண்டு.

மேலும், நோய் உண்மையிலேயே திரும்புவதும் உண்டு. இங்கிலாந்திலே 2021இல் வெளியான பேராய்வொன்றில், நீண்டகாலம் மருந்து உட்கொண்டு சுகமாக இருந்த 478 பேர் பங்குபற்றினர். மருந்தைத் தொடர்ந்தோரில் 100க்கு 39 பேருக்கும், குறைத்து நிறுத்தியோரில் 56 பேருக்கும் ஒரு வருடத்துள் நோய் மீண்டது. ஆகவே, எல்லோரும் நிறுத்தவேண்டும் என்று சொல்வது மடமை. நிறுத்தியவரில் 44 பேர் நோயின்றி இருந்தனர் என்பதும் அதே கணக்கே. ஆகவே, எவரும் நிறுத்தக்கூடாது என்பதும் மடமையே. 35 பேரில் ஒருவர் என்பது சிறு தொகைபோலத் தோன்றலாம். இங்கிலாந்தில் மட்டும் 2017-18ஆம் வருடத்தில் இம்மருந்தைப் பெற்ற வயதுவந்தோர் 73 இலட்சம் பேர். அத்தொகைக்கு முன் எந்தப் பின்னமும் சிறியதன்று.

எம் நாட்டில்

இது கடல் கடந்தோரின் கதை மட்டுமன்று. எமது மனநல வைத்திய நிபுணர்கள் பலர் தம் பயிற்சியின் ஒரு பகுதியைப் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பெற்றவர்கள். அங்கே 60 ஆண்டு நிலவிய மௌனம் இங்கும் வந்து சேர்ந்தது. அங்கே மாறிய அறிவும் இங்கு வந்து சேர வேண்டும்.

அங்கே நோயாளி தாமே விரும்பி மருந்தை நிறுத்துகின்றார். இங்கேயோ, விரும்பாமலே நிறுத்தவேண்டிய நிலையும் வந்தது. 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றி, மருந்துக் கப்பல் வராது போனபோது, மனநல மருந்துகளும் தட்டுப்பாட்டுக்குத் தப்பவில்லை. அரிசி இல்லாத நாள் வயிறு காயும். குளிசை இல்லாத நாள் மூளை தடுமாறும். முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேச எவருமில்லை. வன்னியின் உட்கிராமத்திலிருந்தும் மலையகத் தோட்டத்திலிருந்தும் மாதாந்தக் கிளினிக்குக்கு வருபவர் பஸ் பணம் இல்லாமல் ஒருமுறை தவறினாலும், அது அவருக்கு ஒரு திடீர் நிறுத்தமே.

அரச வைத்தியசாலையிலே மருந்து இலவசம். அது இந்நாட்டின் பெரும்பேறு. ஆனால், சிறிய காகித உறைக்குள் எண்ணிப் போட்டுக் கொடுக்கப்படும் அக்குளிசைகளோடு விளக்கத்தாள் பெரும்பாலும் வருவதில்லை. காலை ஒன்று, இரவு ஒன்று என்ற அளவில் அறிவுரை முடிந்துவிடுகின்றது.

ஆகவே, நாம் கேட்பவை பெரிய வரங்களல்ல. மருந்தைத் தொடங்கும் நாளிலேயே, அதை எவ்வாறு நிறுத்துவது என்பதும் நோயாளிக்குச் சொல்லப்படட்டும். "வைத்தியரைக் கேளாமல் திடீரென நிறுத்தவேண்டாம்" என்ற ஒரு வரியாவது, அவர் வாசிக்கும் மொழியில் அவ்வுறையிலே அச்சிடப்படட்டும். இம்மருந்துகளின் கையிருப்பை, இன்சுலினின் கையிருப்பைப் போலவே, ஒருநாளும் அறுந்துபோகாது காக்கும் பொறுப்பைச் சுகாதார அமைச்சு ஏற்கட்டும். திரவ மருந்தும் சிறு அளவுக் குளிசைகளும் தருவிக்கப்படட்டும். மருந்தை விட விரும்பி வருபவரை "சொற்கேளாதவர்" என்று ஏசாமல், அவருடன் இருந்து படிப்படியாக இறக்கிவிடும் பயிற்சி வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் கொடுக்கப்படட்டும்.

பனையிலே ஏற்றிவிட்டவன் கீழே நிற்கவேண்டும். ஏறியவன் அங்கேயே இருக்க விரும்பினால் அது அவன் உரிமை. இறங்க விரும்பினால், அவன் கால் நிலத்தைத் தொடும்வரை கைகொடுப்பது ஏற்றிவிட்டவனின் கடமை. அக்கடமையை இதுவரை மறந்திருந்தோர் இனியாவது நினைவுகொள்வார்களா?